எரிந்த கப்பலும் இருபத்துமூன்று நாளும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அடுத்தவர் கடிதத்தைப் படித்துத்தான். ஆனால் அந்தக் கடிதத்தைத் தட்டியவனே நான் என்பதால் என்மீது பெரிய குற்றம் இல்லை.

1965-இல் ராமநாதபுரம் அரண்மனை வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் தட்டெழுத்துப் பயிற்சி நிலையம் ஒன்று வைத்திருந்தேன். ஐந்து மிஷின்கள். ஐந்தாவதில் ஆங்கில 'ஈ' எழுத்து விழாது என்பதால் புதிதாகச் சேர்ந்தவர்களை அதில் உட்காரவைப்பேன். வாரம் இரண்டு மனு, எப்போதாவது ஒரு வக்கீல் நோட்டீஸ். கதை எழுதும் ஆசை அப்போதே இருந்தது, எழுதக் கதைதான் இல்லை.

அக்டோபர் ஐந்தாம் தேதி காலை கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் ஊர் வெயிலில் கோட்டுப் போட்டவர் ஒன்று கல்யாண மாப்பிள்ளையாக இருப்பார், இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பார். இவர் இரண்டும் இல்லை. நான்கு நாளாகச் சுவரொட்டியிலும் மேடையிலும் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"ஒரு லெட்டர் அடிக்கணும். வெளிய தெரியக்கூடாது" என்றார்.

நான் எழுந்துபோய்ச் சந்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். காற்று நின்றுபோய் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கோட்டு இல்லாதபோது சாயல்குடிப் பக்கத்தில் மிளகாய் பயிரிடும் சம்சாரி மாதிரியே இருந்தார். அதுதான் அவர்.

2

கதையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்குத் தகராறு. இதுவரை மூன்று தொடக்கங்கள்.

முதலாவது: "செப்டம்பர் ஒன்பதாம் தேதி மாலை, நடுநிலை நாடொன்றின் துறைமுகத்தில், வானமே பிளந்ததுபோல் ஒரு" (இதற்குமேல் எழுதவில்லை. கப்பல் வெடிக்கவே இல்லை. புகைந்தது, பிறகு எரிந்தது. வானம் நன்றாகத்தான் இருந்தது.)

இரண்டாவது: "சாயல்குடிச் சீமை ஈன்ற சிங்கம், கடல் கடந்து பகைவன் கலத்தைச் சுட்டெரித்த" (இது என்னுடையது அல்ல. வரவேற்பு நோட்டீஸில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதைத் தட்டிக்கொடுத்தவன் நான் என்பதால் கை தானாக எழுதிவிட்டது.)

மூன்றாவது: "மருதுபாண்டிக்குக் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் மாலை மூன்று மணியைத் தாண்டத் தெரியாது."

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய வம்புக்கு இவ்வளவு சின்ன வாக்கியம்தான் காரணம்.

3

மருதுபாண்டிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. சாயல்குடிக்குத் தெற்கே, நாலு தலைமுறையாக மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். மதுரையில் படித்து, தில்லியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பரீட்சைமேல் பரீட்சை எழுதி, ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் மூன்றாம் செயலாளர் ஆனவர். அந்த நாட்டின் பெயரை எழுதமாட்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் இப்போதும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். பெரிய துறைமுகம் உள்ள நாடு, பாகிஸ்தானோடு நமக்கு யுத்தம் வந்தபோது யார் பக்கமும் சேராத நாடு. இது போதும்.

அங்கே துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் சதக். கீழக்கரைக்காரர். மனைவி ஜுலைகா நாச்சியாவை ஊரில் விட்டுவிட்டுப் பத்து வருஷமாக அங்கே பிழைப்பு. மாலை மூன்று மணிக்கு மருதுபாண்டி அவர் கடைக்குப் போவார், கருப்பட்டி கிடைக்காத ஊர் என்பதால் சீனிக் காப்பிதான். இருவரும் ஊர்ப் பேச்சுப் பேசுவார்கள். தூதரகத்தில் ஆங்கிலமும் வெளியே அந்நாட்டு மொழியும் பேசிப் பேசிச் சோர்ந்த நாக்குக்கு அந்த அரைமணி நேரம்தான் ஓய்வு.

அந்த வருஷம் ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்கு வந்து செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பியபோது, தில்லியில் அவரிடம் ஒரு தூதரகப் பையைக் கொடுத்தனுப்பினார்கள். அரசாங்கக் காகிதங்கள் போகும் பை. எந்த நாட்டுக் கஸ்டம்ஸும் அதைத் திறக்கக்கூடாது. ஆகவே அதில் வேறு எதையும் வைக்கவும் கூடாது. மருதுபாண்டி வைத்தார். அவர் மனைவி வீரலட்சுமி ஓலைக்கொட்டானில் கட்டிக்கொடுத்த கருப்பட்டி. அந்த நாட்டில் வெளிநாட்டுத் தின்பண்டம் இறக்கத் தடை. பெட்டியில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பையில் வைத்தால் கேள்வியே இல்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி மாலை மூன்று மணிக்கு, செய்தித்தாளில் சுற்றிய அந்தக் கொட்டானைச் சதக்கிடம் நீட்டினார்.

"என்ன அய்யா, இந்தக் கனம் கனக்குது?"

"ஊருச் சாமான். மோந்து பாரு."

சதக் முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "யா அல்லாஹ்! கருப்பட்டி! எப்புடிக் கொண்டாந்தீக? கஸ்டம்ஸ்காரன் விடமாட்டானே!"

"அத ஏன் கேக்குற? காப்பியப் போடு."

(இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. மருதுபாண்டி எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். 'யா அல்லாஹ்' மட்டும் நான் சேர்த்தது. பிற்பாடு சதக்கிடம் கேட்டபோது, "சொல்லியிருப்பேன்" என்றார்.)

சதக் அன்று இரண்டு கெண்டி நிறையக் கருப்பட்டிக் காப்பி போட்டார். ஒன்றை இருவரும் குடித்தார்கள். மற்றதைத் தூக்கிக்கொண்டு, வழக்கமாகத் தேநீர் கொடுக்கும் ஒரு சரக்குக் கப்பலுக்குப் போனார். பாகிஸ்தானுக்குப் புறப்படவிருந்த கப்பல். நாலரை மணிக்கு அதன் அடித்தளத்தில் புகை கிளம்பியது.

துறைமுகக் காவலாளி ஒருவர், இந்தியத் தூதரக அதிகாரி டீக்கடைக்காரரிடம் கனமான பொட்டலம் கொடுத்ததைப் பார்த்திருந்தார். டீக்கடைக்காரர் அந்தக் கப்பலில் ஏறியதை ஊரே பார்த்திருந்தது. போலீஸ் கடைக்குள் புகுந்தது. சிரட்டை வடிவத்தில் கறுப்பாக எட்டுக் கட்டிகள்.

"மீதி எங்கே?"

"காப்பியில கரைச்சிட்டேன்."

"யார் குடித்தது?"

"கப்பல்காரங்க."

சோதனைக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது: கருநிறப் பொருள், சூடாக்கினால் உருகும், மேலும் சூடாக்கினால் எரியும். அத்தனையும் உண்மை. எந்தக் கருப்பட்டியும் எரியத்தான் செய்யும்.

'இது உனக்கு எப்படி வந்தது?' என்ற கேள்விக்கு மட்டும் சதக் பதில் சொல்லவில்லை. தூதரகப் பையில் வந்தது என்று சொன்னால் மருதுபாண்டியின் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அந்த மௌனத்தைப் போலீஸ் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. மருதுபாண்டியைக் கைது செய்ய முடியாது, தூதரக அதிகாரி. 'விரும்பத்தகாதவர்' என்று அறிவித்து, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். சதக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. சிறையில் போட்டார்கள்.

4

இந்த இடத்தில் மருதுபாண்டியை நல்லவராகவே வைத்திருக்க ஆசைப்படுகிறேன். ஆனால் அடுத்த பதினைந்து நாளை எழுதாமல் தாண்ட முடியவில்லை.

தில்லியில் ஓர் உயர் அதிகாரி அவருக்குத் தேநீர் கொடுத்தார். "நீங்கள் எரித்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை" என்றார். "நாங்கள் மறுத்துவிட்டோம். யாரும் நம்பவில்லை. அதுவும் நல்லதுதான். நீங்கள் வாயைத் திறக்காமல் ஊருக்குப் போய் இருங்கள். ஜனவரியில் பெரிய நகரம் ஒன்றுக்கு உங்களை அனுப்புகிறோம்."

"சதக்?" என்று கேட்டார் மருதுபாண்டி.

"யார் அது?" என்றார் அதிகாரி.

ஊரில் வரவேற்புக் குழு தயாராக இருந்தது. தலைவர் மலையாண்டி, உப்பளக் குத்தகைக்காரர். "அம்பாசிடர் வாராரு" என்று தண்டோராப் போட்டதில், புதுக்கார் வருகிறது என்று நினைத்துப் பார்க்க வந்தவர்களே பாதிப்பேர். சாயல்குடி மேடையில் மருதுபாண்டி உண்மையைத்தான் சொன்னார்.

"நான் எந்தக் கப்பலையும் எரிக்கலை. சத்தியமா எரிக்கலை."

கைதட்டல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. "பாத்தியாலே, எம்புட்டு அடக்கம்!" என்றார் மலையாண்டி ஒலிபெருக்கியிலேயே.

திருப்புல்லாணியில் அவர், "அதைப் பத்திப் பேச அனுமதி இல்லை" என்றார். கைதட்டல் இன்னும் அதிகம். உச்சிப்புளியில் பேச்சாளர் ஒருவர், மருதுபாண்டி கடலுக்கடியில் அரை மைல் நீந்திப்போய்க் கப்பலைத் தொட்டதாக விவரித்தார். மருதுபாண்டிக்குக் கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குளிக்கத்தான் தெரியும். அவர் மறுக்கவில்லை. மேடையில் உட்கார்ந்தபடி லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கண்ணால் பார்த்தேன், கூட்டத்தில் இருந்தேன். கதையிலிருந்து அதை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்துவிட்டேன். இருக்கட்டும்.

5

அக்டோபர் நாலாம் தேதி காலை மருதுபாண்டியின் வீட்டுக்கு ஜுலைகா நாச்சியா வந்தார். கூட அவருடைய அண்ணன் ஹாஜா முகைதீன். முற்றம் முழுக்க வாடிய மாலைகள். ஹாஜா முகைதீன் அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி வந்தார். ஜுலைகா நாச்சியா நேராக நடந்து வந்தார்.

வீரலட்சுமி பாய் விரித்தார். ஜுலைகா உட்காரவில்லை.

"நான் சதக் பொஞ்சாதி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருறேன். கப்பல நீங்க எரிச்சீகளா?"

"இல்லம்மா" என்றார் மருதுபாண்டி.

"அவுக எரிச்சாகளா?"

"இல்ல."

"அப்ப ஆருமே எரிக்காத கப்பலுக்கு ஒங்களுக்கு மாலை, அவுகளுக்கு ஜெயிலா?"

ஹாஜா முகைதீன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சிறையிலிருந்து வந்தது. "மச்சான் எழுதியிருக்காரு. 'அய்யா பேரு எங்கனயும் வரக்கூடாது, நானா ஒண்ணும் சொல்லமாட்டேன், அவுகளா சொன்னா சரி'ன்னு. இருபதாம் தேதி கோர்ட்டுல தீர்ப்பாம்" என்றார்.

அவர்கள் போனபிறகு வீரலட்சுமி கணவரைப் பார்த்தார்.

(முதல் பிரதியில் வீரலட்சுமியை இங்கே அழவைத்திருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள் என்றுகூட எழுதினேன். பிறகு அந்த அம்மாள் பேசியதை நினைத்துப் பார்த்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. அழவைத்தது என் சோம்பேறித்தனம். அந்த வரிகளை நீக்கிவிட்டேன்.)

"என்னத்தையாச்சும் மறைக்கிறீகளா?" என்று கேட்டார் வீரலட்சுமி.

அவர் சொன்னார். பை, கொட்டான், எல்லாவற்றையும்.

"இம்புட்டுத்தானா? இத எழுதிக் குடுத்தா அந்த மனுசன் வெளிய வந்துருவாருல்ல?"

"என் வேலை போயிரும், வீரலட்சுமி. அரசாங்கப் பையில கருப்பட்டி கடத்துனவன்னு நாடே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அதுக்குன்னு?"

மறுநாள்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

6

அன்று நான் தட்டிய கடிதம் இப்படி: சம்பவத்தில் தமக்கோ சதக் என்பவருக்கோ யாதொரு தொடர்பும் இல்லையென்று தெரிவித்துக்கொள்ளும் மூன்றாம் செயலாளர், தக்க நடவடிக்கை எடுக்கும்படி வேண்டுகிறார். கருப்பட்டி பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்கே அப்போது விஷயம் தெரியாது. கையெழுத்துப் போட்டார், பிறகு மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். தபாலில் சேர்க்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இரண்டாவது கடிதம்: "கப்பலை எரித்தது நான். நான் மட்டுமே. சதக் ஒன்றும் அறியாதவர்."

நான் விரலை மிஷினிலிருந்து எடுத்தேன். "சார், இது உண்மையா?"

"இல்ல. ஆனா சதக்கு வெளிய வந்துருவான். எனக்கும் மரியாதை போகாது."

"சர்க்கார் என்ன சொல்லும்?"

எரிக்கவில்லை என்று தில்லி உலகத்துக்கே எழுதிக்கொடுத்திருக்கிறது. அதன் அதிகாரியே எரித்தேன் என்றால் நடுநிலை நாடும் நடுநிலையாக இருக்காது. அவரே காகிதத்தை உருவிக் கிழித்தார். அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் கருப்பட்டியைப் பற்றிச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். அந்தச் சிரிப்பால் இன்னும் சில நாள் தாமதமாகியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கதையில் என் பங்கு அதுதான்.

இருபதாம் தேதி வந்து போனது. அக்டோபர் இருபத்தேழாம் தேதி புருஷனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அவர் கோட்டு இல்லாமல் வேட்டி சட்டையில் இருந்தார்.

"கோர்ட்டுல ரெண்டு வருசம் போட்டுட்டாங்க" என்றார். வேறு முன்னுரை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தாமல் சொன்னார். விடுமுறையில் வந்தது, பை, முத்திரையை எப்படிப் பிரித்து எப்படி ஒட்டினார், எத்தனை கட்டி, யாருக்கு, எதற்கு. நான் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் வீரலட்சுமி குறுக்கிட்டார்.

"கருப்பட்டி நான் கட்டிக்குடுத்தது. எம் பேரையும் போடுங்க."

"ஒம் பேரு எதுக்கு?" என்றார் மருதுபாண்டி.

"சாட்சி வேணும்ல. ஒங்க ஒருத்தர் பேச்சை எவன் நம்புவான்? மேடைக்கு மேடை சிரிச்சுட்டு வந்தீகளே."

ஒரு பிரதி அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு, ஒன்று தில்லிக்கு, ஒன்று கீழக்கரைக்கு. நாலாவது மங்கலாக விழுந்தது, அது என்னிடம் இருக்கிறது. மூன்று உறைகளையும் அவர் கையாலேயே தபால் ஆபீசில் கொடுத்தார். நான் கூடப் போனேன்.

7

பிறகு என்ன ஆயிற்று? இங்கே ஒரு நல்ல நீதிமன்றக் காட்சி எழுதியிருந்தேன். மேல்முறையீட்டு நீதிபதி கருப்பட்டியில் காப்பி போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார், ஒரு வாய் குடிக்கிறார், 'விடுதலை' என்கிறார். படித்தவர்கள் எல்லாரும் ரசித்தார்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. வக்கீல் கடிதத்தைத் தாக்கல் செய்தார், மாதக்கணக்கில் வாய்தா போட்டார்கள், சோதனைக்கூடம் மறுபடி பரிசோதித்தது, கப்பலில் வெல்டிங் வேலை நடந்தபோது பொறி விழுந்து சணல் மூட்டை பிடித்துக்கொண்டது என்று இன்ஷூரன்ஸ்காரர்களின் விசாரணையும் சொன்னது. மொத்தம் பதினோரு மாதச் சிறைக்குப் பிறகு சதக்கை விட்டார்கள். கடிதம் தீர்ப்புக்கு முன்னால் வந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது என்று வக்கீல் ஹாஜா முகைதீனுக்கு எழுதினார்.

மருதுபாண்டியை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊர் அதைவிடக் கோபப்பட்டது. கப்பலை எரிக்காத குற்றத்துக்காக மலையாண்டி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. 'கருப்பட்டித் தூதர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் நிலத்தில் மிளகாய் போட்டார். அந்த வருஷம் மழை நன்றாக இருந்தது.

8

1966 செப்டம்பரில் ஒரு காலை, சதக் ராமநாதபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். மருதுபாண்டி என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தார். "தனியா நிக்கப் பயமா இருக்கு" என்றார். ஜுலைகா நாச்சியாவும் ஹாஜா முகைதீனும் முன்னால் நின்றார்கள். நாங்கள் இருவரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம்.

சதக் மெலிந்திருந்தார். மனைவியிடம் இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு அவரே நடந்து வந்தார். மருதுபாண்டி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சதக்கு, ஒங்க வீட்டம்மா வந்து கேட்டதுக்கப்பறமும் இருபத்துமூணு நாளு சும்மா இருந்தேன். கடுதாசிய அன்னைக்கே போட்டிருந்தா நீ உள்ளயே இருந்திருக்க மாட்ட. இத நான் சொல்லித்தான் ஒனக்குத் தெரியணும்."

சதக் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து எஞ்சின் நீராவி விட்டது. உதடு அசைந்தது தெரிந்தது. ஐந்தாறு சொல் இருக்கலாம். மருதுபாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிற்பாடு கேட்டதற்கு இருவருமே சொல்லவில்லை. சதக் சொன்னதை இதுவரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"போகட்டும் அய்யா, மறந்துட்டேன்." (மறந்திருக்க மாட்டார். பதினோரு மாதம்.)

"ஒங்க இடத்துல நான் இருந்தா எத்தன நாளு இருந்திருப்பேனோ." (இது சதக் பேசுவது இல்லை. நான் பேசுவது.)

"இனிமே எம் மூஞ்சியில முழிக்காதீக." (இதைத்தான் சொன்னார் என்று பல நாள் நம்பினேன். ஆனால் அடுத்து நடந்ததோடு இது ஒட்டவில்லை.)

அடுத்து நடந்தது இதுதான். ஹாஜா முகைதீன் வாடகைக் கார் கொண்டுவந்திருந்தார். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜுலைகா நாச்சியா பின்னால் ஓர் ஓரம். சதக் மற்றக் கதவைத் திறந்து உள்ளே போய் நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். மருதுபாண்டி அந்தக் கதவைச் சிறிது நேரம் பார்த்தார். ஜுலைகா, "ஏறுங்க, வெயில் ஏறுது" என்றார். அவர் ஏறினார். கீழக்கரைக்குப் போகிற கார். அவர் ஊர் அந்த வழிதான் என்றாலும் இன்னும் வெகுதூரம்.

ஆகவே சதக் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எது எழுதினாலும் அந்த மூவரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு கீழக்கரைவரை போக முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கார் கிளம்புமுன் சதக் ஜன்னல் பக்கம் குனிந்து என்னைக் கேட்டார்.

"கடுதாசி அடிச்ச சார் நீங்கதானே? வாங்க, முன்னால இன்னொரு ஆளு ஒக்காரலாம்."

ஹாஜா முகைதீன் உடனே நகர்ந்து இடம் விட்டார். எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு இருந்தது. அதைச் சொன்னேன். கார் போய்விட்டது. அன்று ஏறியிருந்தால் இந்தக் கதையின் முடிவோடு திரும்பியிருப்பேன்.